நெல்லைச் சீமையார் பெருமை

தாம் பிறந்த நாட்டைப் பாராட்டிப் பேசாத மக்கள் யாண்டும் இலர். மணல் நிலத்தில் வாழ்வோன் தன் மணலைப் புகழ்வான். மலை நிலத்தில் வாழ்வோன் தன் குளிரைப் புகழ்வான். ஆயினும், ஒருவன் தன் ஊரைப்பற்றி எதனை முதலிற் கூறுகின்றான், எதனை மிகுத்துக் கூறுகின்றான், எதனைக் கூறாது விடுகின்றான் என்பவற்றை உற்று நோக்கின், அவ்வூரின் வரலாறும் ஊராரின் உள்ளமும் ஒருங்கே புலனாகும். நெல்லைச் சீமையாரை அங்ஙனம் நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து. வேற்று மாவட்டங்களினின்று வந்து நம்மோடு பயிலும் மாணாக்கர், நெல்லையான் ஒருவனோடு எப்பொருள்பற்றிப் பேசத் தொடங்கினும் கால் நாழிகைக்குள் அப்பேச்சு தாமிரபரணிக்கோ அல்வாவிற்கோ வந்துவிடுகின்றதென்று குறைகூறக் கேட்டிருக்கின்றோம். குறை முற்றும் பொய்யன்று.

நெல்லைச் சீமை என்பது யாது? 1790ஆம் ஆண்டிற் கும்பினியார் வகுத்த திருநெல்வேலி ஜில்லா மிகப் பரந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா தோன்றியபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் அதிற் சேர்ந்தன. 1956இல் திருவிதாங்கூரினின்று செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2019இல் தென்காசியும் அவ்வாறே ஆயிற்று. ஆகவே இன்று, பொருநை கடலொடு கலக்குமிடம் ஒரு மாவட்டத்திலும், குற்றாலத்து அருவி மற்றொரு மாவட்டத்திலும், நெல்லையப்பர் கோயில் வேறொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. எனினும் அரசாங்கத்தார் கிழித்த கோடு பெருமை பேசுவாரை ஒரு சிறிதும் தடுத்திலது. அம்பாசமுத்திரத்தானும் ஸ்ரீவைகுண்டத்தானும் சங்கரன்கோவிலானும் வெளியூர் சென்றால் தம்மைத் 'திருநெல்வேலிப் பக்கம்' என்றே கூறிக்கொள்வர். நாமும் அப்பழைய எல்லையையே கொள்வோம்.

முதற்பெருமை ஆற்றிற்கே உரியது. தமிழ்நாட்டுப் பேராறுகள் பலவும் பிற நாட்டிற் பிறந்து, பிறர் கைப்பட்டு, எஞ்சிய நீரைக் கொணர்ந்து நமக்கு அளிப்பன. காவிரி குடகிற் பிறக்கின்றது. பாலாறு கருநாடகத்துப் பிறக்கின்றது. பொருநையோ பொதிகையிற் பிறந்து, ஏறக்குறைய 80 மைல் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகில் மன்னார் வளைகுடாவிற் புகுகின்றது. தலையும் வாலும் நெல்லைச் சீமைக்குள்ளேயே அடங்கிய ஆறு அது. தண்ணீர்க்காக அயலாரிடம் வழக்காட வேண்டாத இந்நிலையை நெல்லையார் உரத்த குரலிற் கூறுவது இயல்பே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் அதனை நிரப்புகின்றன. அதனாலேயே 'கார்' என்றும் 'பிசானம்' என்றும் இரு போகம் விளைகின்றது. திருநெல்வேலி என்னும் பெயர்க்குக் கூறும் கதையும் நெல்லையும் நீரையும்பற்றியதே. இறைவனுக்கு அமுதாக்க உலரவைத்த நெல்லை மழைவெள்ளம் கொண்டுபோகாவண்ணம் இறைவனே வேலியிட்டுக் காத்தான் என்பது கதை. நெல்லைக் காத்தல் என்பதே அவ்வூரின் பெயரில் அமைந்துவிட்டது.

ஆனால் ஆறு இயற்கையின் கொடையெனின், அதனை வயலிற் கொணர்ந்து சேர்த்தது மனிதர் செயல். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் பொருநையின் குறுக்கே உள்ளன. முதலேழும் பழைய அரசர் காலத்தன. எட்டாவது மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கத்தாராற் கட்டப்பெற்றது. இவை தண்ணீரை மறித்துத் தேக்கும் பெருஞ்சுவர்கள் அல்ல. ஆற்றைச் சிறிது உயர்த்திக் கால்வாயின் வழியே திருப்பிவிட்டு, மிகுந்ததைத் தம்மீது வழிந்தோடவிடும் தாழ்ந்த கற்கட்டுகள். மேலணையில் மிகுந்த நீரும் வயலிற் கசிந்த நீரும் மீண்டும் ஆற்றிலேயே வந்து சேர, அதனையே கீழணை பற்றிக்கொள்கின்றது. கால்வாய்கள் நேரே வயலிற் பாய்வதோடு குளங்களையும் நிரப்பிச் செல்கின்றன. ஆற்றில் வெள்ளம் இறங்கிய பின்னும் குளத்து நீர் பயிரைக் காக்கின்றது.

இவற்றுள் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னட நாட்டினின்று வந்த அந்தணர் ஒருவர், தமக்குக் கிடைத்த பொன்னைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, அகத்தியர் அருளியபடி ஒரு பசு நடந்த வழியே கால்வாய் வெட்டுவித்தார் என்பர். அப்பசு படுத்த இடங்களிற் குளம் அமைத்தாராம். கதையின் மெய்ம்மையை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. நெல்லையார் தம் உயிர்போன்ற கால்வாய் ஒன்றைத் தம்மவர் வெட்டினார் என்று கூறாது, வேற்று மொழி பேசும் வழிப்போக்கன் ஒருவன் வெட்டினான் என்று கூறி, அவன் பெயரையே அதற்கு இட்டு வழங்குகின்றனர் என்பதையே நாம் நோக்க வேண்டும். இக்குறிப்பை மாணாக்கர் மனத்திற் கொள்க, மேலே பயன்படும்.

ஆற்றைப் புகழ்வார் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கொற்கை பாண்டியரின் பெருந்துறைமுகம், முத்துக்குப் பேர்போனது, கிரேக்கரும் அறிந்தது. இன்று கொற்கைக்குச் செல்வோர் அங்கே கடலைக் காணார். வயலையும் வாழையையுமே காண்பர். அதனை அழித்தவர் பகையரசர் அல்லர், பொருநையே. ஆண்டுதோறும் ஆறு கொணர்ந்த வண்டல் கரையை நீட்ட, கடல் சில மைல் விலகிற்று. பின்னர்க் காயல் துறைமுகமாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைப்பற்றி எழுதினார். அதுவும் பிற்காலத்து அவ்வாறே மணல் மேடிட்டது. வயலை ஆக்கிய வண்டலே துறைமுகத்தை அழித்தது. நெல்லையார் நெல்லைப் பெற்று முத்தை இழந்தனர் என்னலாம்.

இனி அல்வா. இதனைச் சுருங்கக் கூறின் நண்பர்கள் பொறார். சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துத் தெளியவைத்து, சர்க்கரைப்பாகு சேர்த்து, நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கைவிடாது கிண்டுவர். நெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும்வரை கிண்டுவோன் இளைப்பாற இயலாது. 'இச்சுவைக்குக் காரணம் யாது?' என்று வினவின், 'தாமிரபரணித் தண்ணீர்' என்பதே விடை. மணப்பாறையாரும் தம் முறுக்கிற்குத் தம் ஊர்த் தண்ணீரையே காரணமாகக் கூறுவர். ஊர்ப்பெருமை பேசுவார்க்குத் தண்ணீரைப்போல் வாய்ப்பான சான்று வேறில்லை. சமையற்காரனைப் பிறவூரார் சம்பளங் கொடுத்து அழைத்துச் செல்லலாம். செய்முறையைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆற்றை எடுத்துச் செல்ல ஒருவராலும் இயலாது.

ஆயினும் உண்மையை நோக்குவோம். கோதுமை பொருநைக் கரையில் விளைவதன்று. அல்வா என்னும் சொல்லோ அரபு மொழிச் சொல். நெல்லையப்பர் கோயிலின் எதிரே அந்திப்பொழுதில் மட்டும் விற்றுப் புகழ்பெற்ற கடையை நிறுவியவரும் வடநாட்டினின்று வந்து குடியேறிய குடும்பத்தாரே. எனவே பொருள் வடக்கினது, பெயர் மேற்கினது, கைத்திறம் வந்தேறினார் கொணர்ந்தது, தண்ணீரும் நாவும் மட்டுமே நெல்லையின. இங்ஙனம் கூறுவதனால் அல்வாவின் பெருமை குறைந்துவிடாது. வந்ததை ஏற்றுத் தனதாக்கி, பிறர் 'இது உன்னுடையதே' என்று ஒப்புமாறு செய்தல் ஓர் ஊருக்கு எளிதிற் கிட்டும் சிறப்பன்று.

அல்வாவை உலகம் அறியும். பத்தமடைப் பாயை அறிந்தோர் அவருட் சிலரே. எம்மைக் கேட்பின், பொருநைக் கரையில் மனிதர் கை செய்த பொருள்களுள் இப்பாய்க்கே முதலிடம் தருவோம். ஆற்றங்கரையில் வளரும் கோரையைப் பசுமையாக இருக்கும்போதே அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துவர். பின்னர் ஓடும் நீரிற் பல நாள் அமிழ்த்தி வைப்பர். தேங்கிய நீர் இதற்கு உதவாது. ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, நூலினும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, தரையோடு தாழ்ந்த தறியிற் பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இட்டு நெய்வர். மிக நுண்ணிய பாயைப் பட்டுத்துணிபோல மடித்துக் கையில் அடக்கலாம். அத்தகைய பாயொன்று முடியப் பல வாரங்கள் செல்லும்.

நெய்வோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தார். அவருள்ளும் பெண்டிர் கை மிகுதி. அவர்தம் பாய் மணவினைக்குச் சீராகச் செல்கின்றது. மணமகன் மணமகள் பெயர்களைப் பாயிலேயே நெய்து தரும் வழக்கம் இன்றும் உண்டு. இந்துக்கள் இல்லத் திருமணத்திற் புதுமக்கள் அமரும் பாயில் அவர் பெயரை எழுத்துக் கூட்டி நெய்தவள் ஒரு முஸ்லிம் மாது. இப்பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குறியீடு கிடைத்துவிட்டது, கூலி போதிய அளவு கிடைக்கின்றதா என்று கேட்பார் குறைவு. இயந்திரத்தில் உருவாகும் நெகிழிப் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவோர் அந்நெல்லைச் சீமையாரே என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம். பேச்சளவிற் பாராட்டி விலையளவிற் குறைக்கும் பெருமை கைத்தொழிலைக் காவாது.

உணவில் இன்னும் ஒன்று கூறி மேற்செல்வோம். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த சொதி, மணமான பின் மாப்பிள்ளைக்கு இடும் விருந்திற்குரியது. இஞ்சிப் பச்சடி அதற்குத் துணை. ஈழத் தமிழர் இல்லங்களிலும் சொதி என்னும் பெயரோடே ஒரு குழம்பு நாள்தோறும் வழங்குகின்றது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும் இவைபோல்வன. இவற்றை விரிப்பின் விடுதி மாணாக்கர் எம்மீது சினங்கொள்வர்.

அடுத்தது மொழி. 'தமிழ் பிறந்த மலை எங்கள் மலை' என்பது நெல்லையார் கூற்று. அகத்தியர் கதையை வரலாறாகக் கொள்ளல் இயலாதெனினும், தமிழைக் காத்த இடம் என்னும் பெருமைக்கு நல்ல சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடி அலைந்தபோது நெல்லைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். அங்கே கவிராயர்களின் வீடுகளிலேதான் அவர் தேடிய ஏடுகள் கிடைத்தன. நூல் 1889இல் அச்சேறிற்று. அவ்வீட்டார் சிலர் அவ்வேடுகளைப் பயின்றிருக்கலாம். சிலர் பொருளறியாமலே முன்னோர் தந்தன என்று காத்திருக்கலாம். எவ்வாறாயினும் கறையானுக்கும் ஆற்று வெள்ளத்திற்கும் கொடாது காத்தனரே, அது சிறிய செயலன்று. தமிழ் பிறந்த இடத்தைப்பற்றிப் பேசுவதினும் ஏடு காத்த வீட்டைப்பற்றிப் பேசுதல் உறுதியுடைய பெருமை.

இடைசெவல் என்னும் கரிசற்காட்டுச் சிற்றூரில் 1923ஆம் ஆண்டிலேயே கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்தனர். பின்னவர் உழவர் வாயிற் புழங்கிய சொற்களைத் தொகுத்து வட்டார வழக்கிற்கு அகராதியே செய்தார். முற்காலத்துப் புலவர் 'இழிவழக்கு' என்று ஒதுக்கியதை அவர் செல்வமென்று எடுத்துக்கொண்டார். 'ஏலே' என்னும் விளி நாடகத்திலும் திரைப்படத்திலும் நகைப்பிற்கு ஆளாகின்றது. ஆயினும் அச்சொல்லிற் கலந்த அன்பை அறிய ஒருவன் நெல்லைத் தெருவில் வளர்ந்திருக்க வேண்டும். சென்னையில் மளிகைக் கடைக்காரரை ஊர் வினவாமலே 'அண்ணாச்சி' என்று அழைக்கின்றனர் அன்றோ? பிழைப்புத் தேடிச் சென்றார் தம் முறைப்பெயரையே தலைநகரத்திற்குத் தந்துவிட்டனர்.

தமிழாராய்ச்சியைப் பேசுமிடத்துக் கால்டுவெல் ஐயரைக் கூறாதிருத்தல் தகாது. அயர்லாந்திற் பிறந்த அவர் 1841இல் இடையன்குடிக்கு வந்து, பனங்காட்டு மணலில் ஊரமைத்து, பள்ளியும் கோயிலும் எடுத்தார். 1856இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணம் தமிழும் அதன் இனமொழிகளும் தனிக் குடும்பம் என்பதை உலகோர் ஒப்ப நிறுவிற்று. திருநெல்வேலி வரலாற்றை 1881இல் நூலாக்கியவரும் அவரே. கொற்கையும் காயலும் இருந்த இடங்களை ஆராய்ந்து துணிந்ததும் அவர் பணிகளுள் ஒன்று. நெல்லையார் தம் ஊரைப்பற்றிப் பேசும் செய்திகளிற் பல அவர் எழுதிய பின்னரே பரவின. இதனோடு மற்றொன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். 1849இல் அவர் பனையேறும் மக்களைப்பற்றி எழுதிய நூல் அம்மக்களைத் தாழ்த்திப் பேசிற்று. 1880களில் அச்சமூகத்தார் அதனை எதிர்த்து விண்ணப்பங்கள் எழுதினர். தம்மைப்பற்றிப் பிறர் எழுதியதை மறுத்துரைக்கும் கல்வியை அவர்க்குத் தந்தவை மிஷன் பள்ளிகளே என்பதும் எண்ணத்தக்கது.

பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்பது வழக்கம். எல்லா ஊர்க்கும் ஓர் ஐரோப்பிய நகரத்தின் பெயரைச் சூட்டினாலன்றிச் சிறப்பில்லையென எண்ணும் இவ்வழக்கத்தில் எமக்கு உவப்பில்லை. ஆக்ஸ்போர்டில் அரசர் மக்களும் செல்வர் மக்களும் பயின்ற காலத்தில், பாளையங்கோட்டையிற் பார்வையற்ற சிறுவர்க்கு 1890இலேயே பள்ளி எழுந்தது. காது கேளாதார்க்கும் பள்ளி அடுத்துத் தோன்றிற்று. இரண்டையும் தொடங்கியவர் மிஷன் பெண்மணிகள். ஆக்ஸ்போர்டு என்னும் ஒப்பினைக் காட்டிலும் இச்செய்தியே பாளையங்கோட்டைக்கு அழகு.

நாட்டு விடுதலைப் போரிலும் நெல்லையார்க்குப் பங்கு பெரிது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றிற் தூக்கிலிடப்பட்டான். எட்டயபுரத்தில் 1882இற் பாரதி பிறந்தார். ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இற் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்டார். இம்மூவர் பெயரும் நெல்லையார் நாவில் எப்பொழுதும் உள. ஆயின் சிதம்பரனார் 1908இற் சிறைப்பட்ட பின் கம்பெனி நிலைத்ததா? 1911இற் கலைக்கப்பட்டது. 1912இல் விடுதலையாகி வந்தவர் தம் வக்கீல் தொழிலையும் இழந்து, சென்னையிற் சிறு வாணிபம் செய்து வறுமையில் வாடினார். 1936இல் தூத்துக்குடியிற் காலமானார். துறைமுகத்திற்கு அவர் பெயர் இட்டது 2011இல். இறந்த பெரியாரைப் புகழ்வது எளிது. அவர் மறுத்துக் கூறவும் மாட்டார், உதவி கேட்கவும் மாட்டார்.

இத்துணையும் பேசுவார் பேசும் பெருமைகள். இனி, பெருமையென்று பேசத் தகாத ஒன்றைப்பற்றிக் கூற வேண்டியுள்ளது. சில ஆண்டுகளாகத் திரைப்படங்களும் இளைஞர் சிலரும் நெல்லைச் சீமைக்கு அரிவாளை அடையாளமாக்கி வருகின்றனர். அரிவாள் உழவன் கருவி. பனையேறுவான் இடுப்பிலும் கூரிய அரிவாளொன்று பெட்டியிற் செருகியிருக்கும். பாளையைச் சீவிப் பதநீர் இறக்கவும், நெல்லை அறுக்கவும் பிறந்த இரும்பு அது. அதனை 'வீரம்' என்னும் பெயரால் மனிதர்மேல் ஓச்சுவது எந்த நாட்டுக்கும் பெருமையாகாது. 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் அவனோடு பயின்ற சிறுவர்களே சாதிச் செருக்கினால் வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசாங்கம் நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் ஆராய்ச்சிக் குழுவொன்றை அமைக்க, அது 2024இல் அறிக்கை தந்தது. மாணாக்கர் மணிக்கட்டிற் கட்டும் வண்ணக் கயிறுகள்கூட அவ்வறிக்கையில் ஆராய்ச்சிப் பொருளாகும் நிலை வந்ததே! 'எங்கள் ஊர்', 'எங்கள் ஆறு' என்னும் பேச்சு 'எங்கள் சாதி' என்பதற்கு வழிவிடும் இடம் மிகக் குறுகிய சந்து. அதனுட் புகாமற் காத்துக்கொள்ளல் இளைஞர் பொறுப்பு.

முன்னே குறித்த கன்னடியன் கால்வாயை இங்கே நினைவுகூர்க. கால்வாய் வெட்டியவன் கன்னடியன். அல்வா தந்தவர் வடநாட்டார். பாய் நெய்பவள் முஸ்லிம் பெண். இலக்கணம் எழுதியவர் அயர்லாந்தார். கடைசி அணை கட்டியவர் ஆங்கிலேயர். இவர்களையெல்லாம் நீக்கிவிட்டுத் 'தூய' நெல்லைப் பெருமை ஒன்றைக் கூறுமாறு எவரேனும் பணிப்பின், கூறுவோன் கையில் மலையும் மழையுமே எஞ்சும்.

ஆற்றையும் ஒரு சிறிது திரும்பி நோக்குவோம். 1999 ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தைக் காவலர் தடியால் அடித்துக் கலைத்தபோது 17 பேர் இப்பொருநையில் மாண்டனர். அவருட் குழந்தையும் உண்டு. ஆற்றைப் பாடும் பாட்டுகளில் அந்நாள் வருவதில்லை. 2018இற் புட்கர விழாவிற்கு எண்ணிறந்தோர் வந்து நீராடிச் சென்றனர். அவர் முழுகிய அதே ஆற்றிலே நகரத்துச் சாக்கடையும் கலந்துகொண்டிருந்தது. நீதிமன்றத்தில் இதுபற்றி வழக்குகள் நடந்துள்ளன. அல்வாவிற்குச் சுவை தருவது இத்தண்ணீரே என்று விருந்தினரிடம் கூறுவோர், இத்தண்ணீரில் எது கலக்கின்றது என்றும் ஒருகாற் சென்று பார்த்து வருதல் நலம். ஓடும் நீரின்றிப் பத்தமடைக் கோரை பதமாகாது என்பதையும் மேலே கண்டோம்.

பேசப்படாத பெருமைகள் இரண்டனைக் கூறி முடிப்போம். நாங்குநேரிக்கு அணித்தாகக் கூந்தங்குளம் என்றோர் ஊர் உண்டு. ஆண்டுதோறும் செங்கால் நாரையும் கூழைக்கடாவும் பூநாரையும் பிறவும் அங்கு வருகின்றன. பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமன்றி வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். எச்சத்தின் நாற்றத்தையும் இரைச்சலையும் ஊரார் பொறுத்துக்கொள்கின்றனர். பறவைகள் மருளுமென்று வெடி வெடிப்பதில்லை. அவ்வெச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாதலும் ஒரு காரணமே. அதனை அவர் மறைப்பதில்லை. 1994இல் அரசாங்கம் அதனைச் சரணாலயமாக்கிற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே ஊரார் ஆக்கிவிட்டிருந்தனர்.

மற்றொன்று 2023 டிசம்பரில் நிகழ்ந்தது. 17, 18ஆம் நாட்களிற் பெருமழை பெய்து, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு பதிவாயிற்று. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட ரயில், முன்னே தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு சென்றமையால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. பல நூறு பயணிகள் நீர் சூழ அங்கே அகப்பட்டனர். அருகிலுள்ள புதுக்குடிச் சிற்றூரார், தம் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த அந்நிலையிலும், கிடைத்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்க்கு உணவளித்தனர். பயணிகளின் சாதியையோ ஊரையோ எவரும் வினவியதாகச் செய்தியில்லை. நெல்லுக்கு வேலியிட்ட கதையை உடைய சீமையில், வேலியைத் திறந்து நெல்லை எடுத்துக் கொடுத்த கதை இது.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் எமக்காக ஒன்று செய்க. தம் ஊரின் கால்வாய்க்குப் பெயர் யாது, அது எந்த அணையினின்று வருகின்றது, குளத்தின் மடையைத் திறப்பவர் யாவர், அவர்க்கு முற்காலத்தில் ஊதியம் எங்ஙனம் அளந்தனர், ஊரில் இன்னும் கைத்தொழில் அறிந்த முதியோர் எத்துணைப் பேர் உளர், அவர் முதலில் எவ்வூரினின்று வந்தவர் என்பவற்றைப் பெரியோரை வினவி எழுதி வருக. கரிசற்காட்டு மாணாக்கர் குளத்துக்கு மாறாகக் கிணற்றையும் ஊருணியையும், தேரிக்காட்டு மாணாக்கர் பனையையும் கருப்பட்டிக் காய்ச்சும் முறையையும் எழுதலாம். எழுதுவதற்கு இரண்டு பக்கம் போதும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுள் நல்லனவற்றை வெளியிடக் கருதியுள்ளோம்.